மோர்ஸில் புரோசைன்கள்: எந்த வழியில் கற்பது, எவற்றைக் கையில் வைத்துக்கொள்வது?

ஒரே ஒரு ‘டா’, அதாவது மோர்ஸின் ஒரு நீள ஒலி, காற்றில் தொலைந்துபோனதால் எனக்கு ஒரு நல்ல பேச்சு பாதியில் அறுந்தது. 40 மீட்டர் பேண்ட் (அலைவரிசை), மாலை ஏழு மணி இருக்கும். கசகஸ்தானிலிருந்து ஒரு ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) என்னோடு பேசிக்கொண்டிருந்தார். சிக்னல் அலை மாதிரி ஏறி ஏறி இறங்கியது. அவருடைய ஆன்டெனா என்னவென்று கேட்டேன். கால் சைன் (ஒவ்வொருவருக்கும் உரிய அழைப்புப் பெயர்) எல்லாம் போட்டு நீட்டாமல் உடனே பதில் சொல்லட்டும் என்று கடைசியில் பி.கே அடித்தேன். அந்தப் பக்கமிருந்து 73, அதாவது விடைபெறும் வாழ்த்து, வந்தது, பிறகு ‘டிட் டிட்’ என்று இரண்டு குறு ஒலி (நடுவில் வந்தால் அதையே ‘டி’ என்போம்). ஆள் போய்விட்டார்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று அன்றிரவு தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பி.கே என்பது டா-டி-டி-டி-டா-டி-டா. அதில் முதல் டாவை எடுத்துவிட்டால் மிச்சம் டி-டி-டி-டா-டி-டா. அதுதான் பேச்சை முடிக்கும் எஸ்.கே. ‘உடனே நீங்கள் பேசுங்கள்’ என்று நான் சொன்னது ‘நான் வருகிறேன்’ என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு அவர் முறையாக விடை கொடுத்திருக்கிறார்.

மோர்ஸ் கற்றுக்கொள்ளும் பலரும் இருபத்தாறு எழுத்து, பத்து எண் தெரிந்தால் போதும், புரோசைன் என்ற நடைமுறைக் குறிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் குறிகளை எப்போது, எந்த வழியில் கற்பது, கற்றதில் எவற்றை வழக்கமாக அனுப்புவது என்ற இரண்டு முடிவுகளையும் தொடக்கத்திலேயே எடுத்துவிடுவது நல்லது என்று இப்போது நம்புகிறேன். நான் பார்த்த வழிகளை எடைபோட்டுச் சொல்கிறேன்.

முதலில், இவை எழுத்துகள் அல்ல

புரோசைன் என்பது பொதுவாக இரண்டு எழுத்துகளை இடைவெளி விடாமல் சேர்த்து அடிக்கும் ஒரே ஒலி. நம் மொழியில் ‘ஸ்ரீ’ இருக்கிறதே, அதை யாரும் ஸ், ரீ என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்கு அது ஒரே வடிவம். புரோசைன் காதுக்கு அப்படி. ஒலியால் எழுதிய கூட்டெழுத்து.

அதற்கு வைத்திருக்கும் எழுத்துப் பெயர் வெறும் பெயர்தான். எஸ்.கே என்பதைச் சிலர் வி.ஏ என்று எழுதுவார்கள். அடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ‘புரிந்தது’ என்ற குறியை எஸ்.என் என்றும் எழுதலாம், வி.இ என்றும் எழுதலாம். தொடக்கக் குறி சிலருக்கு கே.ஏ, சிலருக்கு சி.டி. வாக்கியங்களைப் பிரிக்கும் பி.டியை டி.வி என்று எழுதினாலும் டா-டி-டி-டி-டா மாறப்போவதில்லை. போதாததற்கு, செய்தி முடிந்தது என்னும் ஏ.ஆரின் ஒலிதான் கூட்டல் குறி, பி.டியின் ஒலிதான் சமக் குறி, ‘நீங்கள் மட்டும் பேசுங்கள்’ என்னும் கே.என்னின் ஒலிதான் இடது அடைப்புக்குறி. மோர்ஸைத் திரையில் எழுத்தாக மாற்றிக் காட்டும் மென்பொருள்களில் ஒரு பேச்சின் நடுவே கூட்டலும் சமமும் வந்து நிற்பது இதனால்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் அவர் ஏதோ கணக்குப் போடுகிறார் என்று குழம்புவார்கள்.

எழுத்துக்கும் புரோசைனுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு டிட்டின் நீளம் 60 மில்லி செகண்ட். எழுத்துக்குள் இருக்கும் இடைவெளியும் அதே 60. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 180. ஆங்கிலத்தில் ‘ஆஸ்’ என்ற சிறு சொல் அடிக்கடி வரும், ஏ, எஸ் என்ற இரண்டே எழுத்து. அந்த இரண்டுக்கும் நடுவில் 180 மில்லி செகண்ட் விட்டால் அது சாதாரணச் சொல். 60 விட்டால் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்ற குறி. ‘நோ’ என்று நாம் உச்சரிக்கும், கே.என் என்று தொடங்கும் சொல்லுக்கும் இதே சங்கடம் உண்டு. 120 மில்லி செகண்ட் வித்தியாசத்தில் பொருள் முழுக்க மாறிவிடுகிறது. இதை மூளையால் எண்ணிப் பிடிக்க முடியாது. காது பழகியிருந்தால் மட்டும்தான் பிடிபடும்.

எஸ்.ஓ.எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மோர்ஸ் தெரியாதவர்களுக்குக்கூட அந்தத் தாளம் தெரியும். 1906 பெர்லின் மாநாட்டில் ஏற்று, 1908 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த அபாயக் குறியும் இடைவெளி இல்லாத ஒரே ஒலிதான். அதில் மூன்று எழுத்து இருப்பதாக நாம் பிறகு படித்துக்கொண்டோம். மற்ற புரோசைன்களும் அதே மாதிரி, எழுத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல், நம் காதில் ஏற வேண்டும். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஓ.எஸ்ஸை வீட்டு ஆசிலேட்டரில் (ஒலி மட்டும் எழுப்பும் பயிற்சிக் கருவி) எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள், டிரான்ஸ்மிட்டரில் விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள்.

கற்கும் வழிகள்

பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்வதுதான் எல்லோரும் முதலில் போகும் வழி. எழுத்தெல்லாம் முடிந்த பிறகு கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை வரும். ஏ.ஆர் என்றால் செய்தி முடிந்தது, ஏ.எஸ் என்றால் பொறு, எஸ்.கே என்றால் பேச்சு முடிந்தது. ஒரே மாலையில் படித்துவிடலாம், பொருளும் தெளிவாக இருக்கும். நான் இப்படித்தான் படித்தேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். ரேடியோவில் டி-டா-டி-டா-டிட் வந்தால் என் மனம் ஏ என்று ஒன்றைப் பிடிக்கும், ஆர் என்று இன்னொன்றைத் தேடும், இரண்டையும் சேர்க்கும், பிறகு அட்டவணையில் அந்த வரி எங்கே என்று பார்க்கும். அதற்குள் அடுத்த கால் சைனில் பாதி போயிருக்கும். அர்த்தம் தெரிந்தும் கேட்கத் தெரியாத நிலை அது. அதிலிருந்து வெளியே வர எனக்கு எழுத்துகளைக் கற்றதைவிட அதிக நாள் பிடித்தது.

இரண்டாவது வழி, புரோசைனையும் ஒரு எழுத்தாகவே பாவித்து மற்ற எழுத்துகளோடு கலந்து கற்பது. ஜெர்மனியின் லுட்விக் கோஹ் 1930-களில் வகுத்த முறைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. அதில் முழு வேகத்திலேயே இரண்டு எழுத்துகளில் தொடங்குவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து. அதுவும் பிடிபட்டால் நான்காவது. இணையத்தில் பலரும் பயிற்சி செய்யும் எல்.சி.டபிள்யூ.ஓ தளத்தில் இப்படி 40 பாடங்கள் இருக்கின்றன. அதில் சமக் குறி, அதாவது நம் பி.டி, பாதி வழிக்கு முன்பே வந்துவிடுகிறது. அந்தத் தளத்தில் படித்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஒரு புரோசைனைக் கற்றிருப்பார்கள். ‘பேசுங்கள்’ என்று பொருள்படும் கே-யோ முதல் பாடத்திலேயே இருக்கிறது. மீதியை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். மோர்சரினோ-32 மாதிரியான பயிற்சிக் கருவிகளில் எழுத்து, எண், புரோசைன் எல்லாவற்றையும் கலந்து கேட்கும் வசதி உண்டு.

இந்த வழியில் ஒரு குறை இருக்கிறது. கலவையாகக் கேட்டுப் பழகும்போது ஒலி பதிந்துவிடும், ஆனால் அதை எந்த இடத்தில் சொல்வது என்று தெரியாது. எம், கே.என், 7, எஃப் என்று வரிசையாக வரும் பயிற்சியில் கே.என்னுக்கு அர்த்தமே இல்லை. அந்தக் கதவு எதற்கு என்று தெரியாமல் சாவியை மட்டும் வைத்திருப்பது மாதிரி.

எழுத்தை வேகமாகவும் இடைவெளியை நீளமாகவும் வைத்துப் பழகும் ஃபார்ன்ஸ்வர்த் முறையை இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இடைவெளி தாராளமாக இருப்பதால் புரோசைன் தனியாக எடுப்பாகத் தெரியும். ஆகா, பிடிபட்டுவிட்டது என்று தோன்றும். இடைவெளி குறையக் குறைய, ஏ-யும் ஆரும் நெருங்கி வரும்போது குழப்பம் திரும்பவும் வரும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

மூன்றாவது, காற்றில் கேட்டே கற்பது. உரிமம்கூட வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்து வெப் எஸ்.டி.ஆர் போன்ற இணைய ரிசீவர்களில் 7 மெகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைத் திறந்தால் எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்று கூப்பிடும் குறி) முடிந்து கே வந்ததும் விழும் அந்த மௌனம், எஸ்.கே-க்குப் பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடிக்கும் டிட், பெயரையும் ஊரையும் பிரிக்கும் பி.டி. ஒரு குறி என்ன வேலை செய்கிறது என்பதை அதைச் சுற்றி நடப்பதைக் கேட்டால்தான் உணர முடியும். ஆனால் இதையே ஒரே பாடமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அவசரக்காரர் கையும், சோம்பல்காரர் கையும் அங்கே கலந்துதான் கேட்கும். சிக்யூவை கே.என்னில் முடிப்பவரையும் கேட்பீர்கள், அதுதான் முறை என்று எடுத்துக்கொள்வீர்கள்.

நான்காவது, ஆளிடம் கற்பது. சி.டபிள்யூ ஆப்ஸ் என்ற அமைப்பு நடத்தும் சி.டபிள்யூ அகாடமியில் சிறு குழுக்களாக எட்டு வாரம், கட்டணம் இல்லாமல், இணையவழியில் சொல்லித் தருகிறார்கள். லாங் ஐலண்ட் சி.டபிள்யூ கிளப்பும் இப்படி வகுப்புகள் நடத்துகிறது. ஒரு முழுப் பேச்சை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடிப்பதுதான் இந்த மாதிரி வகுப்புகளின் உயிர். நம் ஊர் நேரத்துக்கு ஒத்துவரும் குழு கிடைக்க வேண்டும், வாரா வாரம் தவறாமல் உட்கார வேண்டும். அது முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

எனக்கு இந்த நான்காவது வழி வேறு விதமாகக் கிடைத்தது. தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரியவர், சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபிசராக இருந்தவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் அட்டவணையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“தம்பி, எழுத்தப் பாக்காத, சத்தத்தக் கேளு” என்றார். மேசைக் கண்ணாடியில் விரல் கணுவால் தட்டினார். டா-டி-டி-டி-டா. “வாயால சொல்லு.” சொன்னேன். “இன்னொரு தடவ.” இருபது தடவை இருக்கும். மிருதங்க வாத்தியார் பையனிடம் முதலில் சொற்கட்டை வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் தோலில் கை வைக்க விடுவார். அதே கதைதான். வாயில் வராதது கையில் வராது என்பது அண்ணாச்சியின் கணக்கு. அதன் பிறகுதான் ஒரு கதை மாதிரி அந்தக் குறியின் இடத்தைச் சொன்னார். “பேரச் சொல்லியாச்சு. அடுத்து ஊரச் சொல்லப்போற. நடுவுல மூச்சு விடணும்லா? அந்த மூச்சுதான் இது.”

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் என் பரிந்துரை இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துக்கொள்வது. எழுத்துகளில் பாதி தாண்டியதும் பி.டியையும் ஏ.ஆரையும் பயிற்சிக் கலவையில் போட்டுவிடுங்கள். எழுத்துகள் முடியும்போது கே.என், எஸ்.கே, ஏ.எஸ். அதே சமயம் தினமும் பத்து நிமிடம் காற்றில் கேளுங்கள். ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம், புரோசைன் வந்தால் மட்டும் விரலை உயர்த்துங்கள். முதல் நாள் ஒன்றிரண்டு பிடிபடும். பத்தாவது நாள் அதுவே தனியாக வந்து காதில் நிற்கும். அட்டவணை கடைசியில் சரிபார்க்க மட்டும்.

உரிமத் தேர்வு கண் முன்னால் நிற்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. மோர்ஸ் கட்டாயம் என்ற உலக விதி 2003-ல் நீங்கிய பிறகும் இந்தியாவில் ஜெனரல் தரத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் கேட்கப்பட்டு வந்தது. அந்த வேகத்தில் ஒரு டிட்டின் நீளமே 150 மில்லி செகண்ட். எல்லாம் நிதானமாக வரும். எழுத்தும் எண்ணும் பிழையில்லாமல் எழுதுவதில் முழுக் கவனத்தையும் வையுங்கள். பி.டி, ஏ.ஆர் இரண்டு போதும். மீதி தேர்வு முடிந்ததும்.

கே, கே.என், பி.கே: எதைச் சொல்லி மைக்கைக் கொடுப்பது?

அனுப்புவதில் அதிகம் தடுமாற வைப்பது இந்த மூன்றும்தான். மூன்றுக்கும் வேலை ஒன்றே, ‘என் முறை முடிந்தது, இனி உங்கள் முறை’. யாருக்குச் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

கே பொது அழைப்பு. யார் வேண்டுமானாலும் வரலாம். சிக்யூவின் முடிவில் இதுதான் வர வேண்டும். கே.என், நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஒருவர் மட்டும் வரட்டும், மற்றவர்கள் பொறுங்கள் என்பது. நான் முதன்முதலில் சிக்யூ போட்டபோது, புதிதாகக் கற்றதை எல்லாம் காட்டிவிடும் ஆசையில், முடிவில் கே.என் அடித்தேன். நான்கு முறை கூப்பிட்டேன், யாரும் வரவில்லை. அண்ணாச்சி பக்கத்தில்தான் இருந்தார். “விருந்துக்கு எல்லாரையும் வாங்கன்னு சத்தம் போட்டுட்டு கதவச் சாத்திட்டியே தம்பி” என்றார். அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

பேச்சின் நடுவே கேயா, கே.என்னா என்று கேட்டால், சிக்னல் சுமாராக இருந்தாலோ, பேண்டில் கூட்டம் இருந்தாலோ கே.என்தான் என் தேர்வு. ஒருவரோடு நிம்மதியாகப் பேச முடிகிறது. கூட்டமே இல்லாத நேரத்தில் கே போட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புதிதாக ஒருவர் நுழைய விரும்பினால் அது அவருக்கு ஒரு சன்னல். ஒலியிலும் கே.என்னுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. டா-டி-டா-டா-டிட்டில் கடைசி இரண்டு ஒலி மங்கிப்போனால் எஞ்சுவது கே. தப்பாகக் கேட்டாலும் ‘பேசுங்கள்’ என்ற பொருள் அப்படியே நிற்கும்.

பி.கே-க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. என் கசகஸ்தான் கதை அதற்குச் சாட்சி. ஆனால் அதன் வேகம் வேறு எதற்கும் கிடையாது. கால் சைன்களைச் சொல்லாமலேயே பேச்சைப் பந்து மாதிரி எறியலாம், பிடிக்கலாம். பூங்காவிலும் மலையிலும் ரிக்கை, அதாவது ரேடியோப் பெட்டியை, தூக்கிக்கொண்டு போய் அடிப்பவர்கள் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். சிக்னல் ரிப்போர்ட் கொடு, பி.கே, ரிப்போர்ட் வாங்கு, பி.கே, நன்றி. பேட்டரியும் மிச்சம். இரண்டு பக்கமும் பலமாகக் கேட்கும்போது பி.கே, சிக்னல் ஏறி இறங்கினால் கே.என் என்று நான் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு யாரும் என்னைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2009-ல் வெளியிட்ட மோர்ஸ் பரிந்துரை, எம்.1677-1, இந்த இடத்தில் பார்க்கத் தக்கது. அதில் அழைப்பு, காத்திரு, வேலை முடிந்தது, தொடக்கம், புரிந்தது, பிழை என்று நடைமுறைக் குறிகள் இருக்கின்றன. கே.என்னின் ஒலி இடது அடைப்புக்குறியாக மட்டும்தான் இருக்கிறது. பி.கே அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டும் ஹாம்களின் புழக்கத்தில் ஊறி நிலைத்தவை. அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் விதிப்புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வருபவருக்கு, காற்றில் தினமும் கேட்கும் இரண்டு குறிகள் தெரியாமலேயே போய்விடும்.

பி.டியா, முற்றுப்புள்ளியா? ஏ.ஆரை எங்கே வைப்பது?

இது எளிய முடிவு. ஹாம் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் பி.டிதான். முற்றுப்புள்ளி ஆறு ஒலி, டி-டா-டி-டா-டி-டா, நீளமாகவும் இருக்கிறது, ஏ.ஆரோடு குழம்பவும் செய்கிறது. பி.டியில் இன்னொரு நன்மை, அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க அது நேரம் கொடுக்கும். யோசித்துக்கொண்டே இரண்டு மூன்று பி.டி அடிப்பவர்கள் உண்டு. ‘அப்புறம்… வந்து…’ என்று நாம் இழுக்கிற மாதிரி. கேட்பவருக்கு அது தொந்தரவே இல்லை, ஆள் இன்னும் இருக்கிறார் என்று தெரிகிறது.

ஏ.ஆர், ‘செய்தி முடிந்தது’. எழுதிவைத்த செய்தியை அனுப்பினால் அதன் முடிவில் கட்டாயம் வேண்டும். சிக்யூ போட்டவரை முதன்முறை கூப்பிடும்போது, இன்னும் பேச்சு தொடங்காத நிலையில், முடிவில் கேயைப் போடாமல் ஏ.ஆர் போடுவது பழைய முறை. அழகான முறையும்கூட. நான் கூப்பிட்டு முடித்துவிட்டேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்ற தொனி அதில் இருக்கிறது. இப்போது பலர் வெறும் கால் சைனோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதுவும் சரிதான். பேச்சின் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘ஏ.ஆர், அவர் கால் சைன், என் கால் சைன், கே.என்’ என்று முழு வரிசையையும் அடிப்பதா என்றால், முதல் ஐம்பது பேச்சுகளுக்கு அடியுங்கள் என்பேன். எதிரே இருப்பவர் உங்கள் கால் சைனைத் தவறாக எழுதியிருந்தால் அங்கேதான் திருத்திக்கொள்வார். அப்புறம் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். போட்டிகளில் இந்த வரிசை எதுவுமே கேட்காது. ரிப்போர்ட், எண், நன்றி, அவ்வளவுதான்.

ஏ.எஸ்ஸைப் பலர் கற்றுவிட்டு மறந்துவிடுகிறார்கள். கதவு தட்டுகிறது, போன் அடிக்கிறது, சட்டென்று எழுந்து போய்விடுவார்கள். எதிரே இருப்பவர் இருட்டில் நிற்பார். டி-டா-டி-டி-டிட், ஒரு செகண்ட்கூட ஆகாது. கப்பல் தொடர்பில் அதற்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று எண்ணையும் சேர்த்துச் சொல்வார்கள் என்று அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தார். ஏ.எஸ் 5 என்றால் ஐந்து நிமிடம். அதை நான் இப்போதும் செய்கிறேன். கடைசி டிட்டை விழுங்கிவிட்டால் அது எல் என்ற எழுத்தாகிவிடும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பிழைக்குரிய குறி எட்டு டிட். கேட்க எளிது, அனுப்பத்தான் யாருக்கும் எட்டு வருவதில்லை, ஏழோ பத்தோ வரும். பரவாயில்லை. காற்றில் அதிகம் கேட்பது இரண்டு மூன்று டிட்டைத் தள்ளித் தள்ளி அடித்துவிட்டு, அந்தச் சொல்லை முதலிலிருந்து அடிப்பது. எழுதிவைத்த செய்தியானால் எட்டு டிட், அரட்டையானால் இந்த இரண்டு டிட். எப்படியானாலும் பிழையை மறைக்காமல் சொல்லிவிட்டுத் திருத்துவதுதான் கேட்பவருக்கு உதவி.

கையா, கீயரா, பொத்தானா?

ஒரே நெம்புகோலைக் கையால் அழுத்தும் ஸ்ட்ரெய்ட் கீயில் புரோசைனின் அழகு முழுக்க உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. இடைவெளி விட்டால் இரண்டு எழுத்து, விடாவிட்டால் குறி. காது சரியாகப் பழகியிருக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

டிட்டுக்கு ஒரு பக்கம், டாவுக்கு ஒரு பக்கம் உள்ள ஐயாம்பிக் பேடிலில் ஏ.ஆர் ஒரு சின்ன மகிழ்ச்சி. டிட் பக்கத்தை முதலில் தொட்டு, உடனே டா பக்கத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் டி-டா-டி-டா-டிட் தானாக ஓடும். ஒரே அழுத்தம், ஐந்து ஒலி. எங்கே விடுவது என்பதுதான் நுணுக்கம். ஒலிகளை அளந்து தரும் மின்சுற்றான கீயர் மோட் ஏ, மோட் பி என்று இரண்டு விதமாக வேலை செய்யும். மோட் ஏ-யில் கடைசி டிட் ஒலிக்கும்போது விட வேண்டும். மோட் பி-யில் அதற்கு முந்தைய டா ஒலிக்கும்போதே விட்டுவிட வேண்டும், மிச்ச டிட்டை கீயர் தானே சேர்த்துக்கொள்ளும். இது தெரியாமல் என் ஏ.ஆர் எல்லாம் முற்றுப்புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. ரிக்கின் மெனுவில் எந்த மோட் என்று பார்த்த பிறகுதான் சரியானது. தொடக்கக் குறியான கே.ஏ-யும் இதே அழுத்தம்தான், டா பக்கத்தில் தொடங்க வேண்டும். பி.டியும் எஸ்.கேயும் இப்படி ஒரே அழுத்தத்தில் வராது, விரல் வேலை செய்தாக வேண்டும்.

மெமரி கீயரிலோ கணினியிலோ புரோசைனை எப்படி எழுதுவது என்பது கருவிக்குக் கருவி மாறுகிறது. சிலவற்றில் கூட்டல் குறியைத் தட்டினால் ஏ.ஆர் போகும். ஏ, ஆர் என்று எழுத்தாகத் தட்டினால் எழுத்தாகவே போகும். சிக்யூவைப் பொத்தானில் பதிந்துவைப்பது நல்ல யோசனை, கை ஓயும். ஆனால் விடைபெறும் வரிசையை நான் பொத்தானில் வைப்பதில்லை. அது கையால் போகட்டும்.

எஸ்.கே

கற்பவர்கள் கேட்கும் கேள்வி, எஸ்.கேயைக் கால் சைன்களுக்கு முன்னால் அடிப்பதா, பின்னால் அடிப்பதா என்பது. இரண்டும் கேட்கிறது. நான் பின்னால் அடிக்கிறேன், கடைசியாக ஒலிப்பது அதுவாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு ரிக்கையே மூடப்போகிறோம், யார் கூப்பிட்டாலும் பதில் வராது என்றால் சி.எல் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் உங்களுக்காகக் காத்திருந்த ஒருவர் வீணாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

1999 ஜூலை 12-ம் தேதி அமெரிக்காவில் கடைசி வணிக மோர்ஸ் செய்தி கலிஃபோர்னியாக் கரையிலிருந்து போனது. 1844-ல் சாமுவேல் மோர்ஸ் அனுப்பிய அதே வாசகத்தைத் திரும்பவும் அடித்து, எஸ்.கே என்று முடித்தார்கள். கலிஃபோர்னியாவின் பழைய கே.பி.எச் கரை நிலையத்தை ஆர்வலர்கள் இப்போதும் ஆண்டுதோறும் அதே ஜூலை 12 அன்று ஒலிக்க வைக்கிறார்கள். இறந்துபோன ஹாமையும் நாங்கள் எஸ்.கே என்றுதான் சொல்கிறோம், சைலண்ட் கீ என்று விரித்து. அண்ணாச்சியின் பெயருக்குப் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்தை எழுதி நான்கு வருடம் ஆகிறது.

எஸ்.கே-க்குப் பிறகு வரும் ‘டிட் டிட்’ எந்தப் பட்டியலிலும் இல்லை. அனுப்பாவிட்டால் யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். எதிரே இருப்பவர் அனுப்பினால் மட்டும் கையைக் கீயிலிருந்து எடுத்துவிடாதீர்கள், பதிலுக்கு இரண்டு டிட் அடியுங்கள். அவர் அந்தப் பக்கம் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.